தாழ்ப்பாள் கழற்றிய வீடு

மதியத் தூக்கம் கலைந்து தொட்டிலுக்குள் குனிந்தபோது, குழந்தையின் இடது கன்னத்தில் இருமல் மிட்டாய் வாசனை அடித்தது.

குழந்தையின் வாசனைகள் எல்லாம் டீச்சருக்கு அத்துப்படி. கழுத்து மடிப்பில் தங்கிப் புளித்த பால், உச்சந்தலையில் லேசாக எண்ணெய், அக்குளில் பவுடர், மூடிய உள்ளங்கைக்குள் எங்கிருந்தோ வந்து சுருண்டிருக்கும் நூல்துணுக்கு. கண்ணைக் கட்டிவிட்டாலும் வரிசையாகச் சொல்லிவிடுவாள். இது அந்த வரிசையில் இல்லாதது. மூக்கின் உட்புறத்தைச் சில்லென்று தொடுகிற, யாரோ வாயில் அடக்கிக்கொண்டு வெகுநேரம் சப்பிய மிட்டாயின் வாசனை. வலது கன்னத்தை முகர்ந்தாள். அங்கே வெறும் குழந்தைதான் இருந்தது. மறுபடி இடது. முத்தம் வைத்த இடம் மாதிரி ஒரு சின்ன வட்டத்துக்குள் மட்டும் அந்த வாசனை நின்றது.

வீட்டில் யாருக்கும் இருமல் இல்லை. இருமல் மிட்டாய் வாங்கினதாகவும் நினைவில்லை. ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. ஹாலில் புருஷன் ஆபீஸ் மீட்டிங்கில் யாருக்கோ எதையோ மூன்றாவது முறையாக விளக்கிக்கொண்டிருந்தான். டீச்சர் அவனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள்.

அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பெயர் எதுவாக இருந்தால் என்ன, வீட்டிலும் டீச்சர் என்றே ஒட்டிக்கொண்டது. புருஷன் கொஞ்சும்போது டீச்சரம்மா என்பான், எரிச்சல் வந்தால் டீச்சர் என்பான். வேறொருத்தியாக இருந்தால் இந்நேரம் ஹாலுக்கு ஓடி, ‘யாருங்க வந்தது, குழந்தைய யாரு தொட்டது?’ என்று வீட்டை இரண்டாக்கியிருப்பாள். டீச்சருக்கு அந்த வசதி இல்லை. கேள்வி கேட்கிற உரிமை அவளிடம் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது, அதைக் கன்னத்து வாசனைக்காகச் செலவழிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

பிரசவம் முடிந்த கையோடு அவளுக்குத் தூக்கம் போனது. தூக்கம் போன இடத்தில் ஃபேன் வந்து உட்கார்ந்தது. வார்டின் சீலிங் ஃபேன் முதலில் அவள் பெயரைச் சொன்னது, அப்புறம் அவள் பாலில் விஷம் இருக்கிறதென்று சொன்னது. அவளும் சும்மா நம்பிவிடவில்லை. கணக்கு டீச்சர் அல்லவா, நிரூபித்தாள். பால் குடித்தால் குழந்தை கண் சொருகுகிறது, விஷம் குடித்தாலும் கண் சொருகும், ஆகவே. பாலை விரலில் பிழிந்து தேய்த்துப் பார்த்தாள். மணல் மாதிரி நறநறவென்று விஷம் தட்டுப்பட்டது. குழந்தைக்குப் பால் கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். அதோடு இன்னொன்றும் சொன்னாள்: சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்ட ஒருத்தி தினமும் வந்து தொட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து குழந்தையையே பார்க்கிறாள், யாரும் கேட்பதில்லை.

ஃபேனையும் ஸ்வெட்டர்க்காரியையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டினார்கள். ஃபேன் பேசாது என்பது ஊரறிந்த விஷயம். ஆகவே மற்றதும்.

மாத்திரை கொடுத்தார்கள். ஃபேன் வாயை மூடிக்கொண்டது. பாலில் நறநறப்பு போனது. ஸ்வெட்டர்க்காரியும் வராமல் போனாள். வீட்டுக்கு அனுப்பும்போது மனநல டாக்டரம்மா இருவரையும் எதிரே உட்காரவைத்துப் பேசினார். நல்ல டாக்டர், அவசரப்படாமல் பேசுகிறவர்.

“பிள்ளை பெத்தவங்களுக்கு இது வர்றதுதான். நீங்க மோசமான அம்மான்னு அர்த்தமில்ல. ஏதாவது பார்த்து, அது நிஜமான்னு சந்தேகம் வந்தா, வெட்கப்படாம இவர்கிட்ட கேளுங்க. மனசு ரொம்ப படபடன்னு அடிச்சா, கண்ணுல படுற சாமானையெல்லாம் ஒவ்வொண்ணா பேர் சொல்லுங்க, மெதுவா மூச்சு விடுங்க.” பிறகு புருஷன் பக்கம் திரும்பினார். “அவங்க கேட்டா நீங்க எழுந்து போய், உங்க கண்ணால பார்த்துட்டு, அப்புறம்தான் பதில் சொல்லணும். பார்க்காம சொல்லவே கூடாது. புரியுதா?”

“புரியுது டாக்டர்,” என்றான் அவன். அன்றைக்கு நிஜமாகவே புரிந்துதான் இருந்தது.

இன்னொன்றும் சொன்னார். உடம்பு தேறும்வரை குளியலறைக்கும் படுக்கையறைக்கும் உள்தாழ்ப்பாள் வேண்டாம், கழற்றிவிடுங்கள் என்றார். தாழ்ப்பாள் கழற்ற வந்தது புருஷனின் அக்கா. நாத்தனார் எதையும் பாதியில் விடுகிற ரகம் கிடையாது. வாசல் கதவுத் தாழ்ப்பாளையும் சேர்த்துக் கழற்றினாள். அவசரத்துக்கு அவள் ஓடிவந்தால் கதவைத் திறக்க ஒருத்தரை எதிர்பார்க்க முடியுமா? குழந்தை திடுக்கிடுகிறது என்று காலிங்பெல்லையும் பிடுங்கினாள். பகலில் கதவு வெறுமனே சாத்தியிருக்கும், வருகிறவர்கள் தள்ளிக்கொண்டு வரலாம். கீழே வாட்ச்மேன் இருக்கிறாரே என்பது புருஷனின் தைரியம்.

ஆரம்பத்தில் அவன் தங்கம் மாதிரி நடந்துகொண்டான். அவள் கேட்டால் மீட்டிங்கைப் பாதியில் விட்டு வருவான். கட்டிலுக்கடியில் டார்ச் அடிப்பான், திரைச்சீலையை விலக்குவான், அலமாரியைத் திறந்து தன் சட்டைகளிடம் விசாரிப்பான். “இங்க தூசியும் என் பழைய செருப்பும்தான் இருக்கு டீச்சரம்மா. ரெண்டுல எதை அரெஸ்ட் பண்ணலாம்?” அவள் சிரித்துவிடுவாள். கொஞ்ச நாளில் அறை வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்துச் சொன்னான். அப்புறம் நாற்காலியில் இருந்தபடியே கழுத்தை மட்டும் திருப்பிச் சொன்னான். இப்போது கழுத்தும் திரும்புவதில்லை. காதில் ஹெட்போனோடு, “யாரும் இல்லம்மா,” என்று திரையைப் பார்த்தே சொல்லிவிடுகிறான். கெட்டவன் கிடையாது. அலுத்துப்போனவன்.

நாத்தனார் ஞாயிற்றுக்கிழமை வந்தாள். வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். டீச்சர் கை நீட்டியபோது குழந்தையை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடித்தபடி, “இரு இரு. முதல்ல பரீட்சை. இப்ப இந்த ரூம்ல எத்தனை பேர் இருக்கோம்? சொல்லு பார்ப்போம்,” என்றாள்.

பள்ளிக்கூடத்தில் ஆயிரம் பிள்ளைகளை எழுப்பிக் கேள்வி கேட்டவள், தன் பிள்ளைக்காக எழுந்து நின்று பதில் சொன்னாள். “நீங்க, அவரு, நானு. குழந்தையோட நாலு பேர் அண்ணி.”

“கணக்கு டீச்சர்னா கணக்கு டீச்சர்தான்!” நாத்தனார் குழந்தையின் கையைப் பிடித்துத் தட்டவைத்தாள். புருஷனும் சிரித்தான். டீச்சரும் சிரித்தாள், சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடிப்பார்கள். அவமானத்தில் அவளுக்குக் காது மடல் எரிந்தது.

அப்புறம் அக்காவும் தம்பியும் சமையலறையில் பேசியது அவள் காதில் விழுந்தது. நாத்தனாருக்கு ரகசியம் பேசவும் தெரியாது.

“அவ எது கேட்டாலும் இல்லைன்னே சொல்லு. இருந்தாலும் இருக்கும்னு ஒரு வார்த்தை விட்டே, அதையே பிடிச்சுக்கிட்டு மறுபடி பழைய கதை ஆரம்பிச்சிடும். நான் சொல்றதைக் கேளு.”

“டாக்டர் எழுந்துபோய்ப் பார்க்கணும்னாங்க...”

“டாக்டருக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவாங்க. நீ வேலையப் பார்க்க வேணாமா? இன்னும் ஒரு தடவை யாரோ வந்தாங்கன்னு சொல்லட்டும், குழந்தைய நான் தூக்கிட்டுப் போயிடுறேன். ஒரு வருஷம் என்கிட்ட வளரட்டும். ரூம் ரெடி, தொட்டில்கூட வாங்கியாச்சு.”

டீச்சர் குழந்தையின் பாதத்தைத் தன் கன்னத்தில் அழுத்திக்கொண்டாள். மாத்திரை அவளிடமிருந்து எதை எதையோ மழுக்கியிருந்தது. இதை மட்டும் தொடவில்லை. இவன் மேல் அவளுக்குப் பைத்தியம், அது ஒன்றுதான் அவளிடம் மிஞ்சியிருந்த பைத்தியம். ஒரு வருஷம் என்றால் இவன் வேறொருத்தியைப் பார்த்து அம்மா என்பான். அப்படி ஆகவிட மாட்டேன் என்று அவள் தீர்மானித்தாள். இனி எதையும் பார்க்கக் கூடாது. பார்த்தாலும் பார்க்கக் கூடாது.

மறுநாள் மதியம் மழை வலுத்திருந்தது. மாத்திரை இழுத்த தூக்கத்தின் அடியிலிருந்து அவள் மெல்ல மேலே வந்தபோது, அறைக்குள் ஈரக் கம்பளியின் வாசனை இருந்தது. நனைந்த ஆட்டு மயிர் வாசனை, அதன்மேல் மெல்லிசாக அந்த மிட்டாய் வாசனை. தொட்டிலின் சங்கிலி க்ரீச்சிட்டது. ஒரு க்ரீச், கொஞ்சம் அமைதி, மறுபடி ஒரு க்ரீச், பிள்ளையைத் தூங்க வைக்கத் தெரிந்த கை எப்படி ஆட்டுமோ அப்படி. கண்ணைத் திறக்காமல் அவள் அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள். பிறகு திறந்தாள்.

சாம்பல் நிற ஸ்வெட்டர். தோள்பட்டையில் மழை கருப்பாக ஊறியிருந்தது. முழங்கை ஓரத்தில், ஆஸ்பத்திரியில் பார்த்த அதே நூல் பிரிந்து தொங்கியது. நாற்காலியைத் தொட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கொசுவலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஸ்வெட்டர்க்காரி குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுத்தர வயது. கோரமெல்லாம் ஒன்றுமில்லை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் மறுமுறை திரும்பிப் பார்க்க மாட்டோம், அந்த மாதிரி முகம். வாயில் மிட்டாய் பல்லில் மோதுகிற சின்னச் சத்தம் கேட்டது.

டீச்சர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சுவர், என்று மனசுக்குள் சொன்னாள். சுவிட்சு. சுவரில் விரிசல். காலண்டர் ஆணி. மூச்சை இழுத்து விட்டாள். சங்கிலி நிற்கவில்லை. ஒரே ஒரு தடவை கேட்டுவிடலாம், சாதாரணமாகக் கேட்கிற மாதிரி.

“என்னங்க,” என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. “இங்க யாராவது இருக்காங்களா?”

சங்கிலி நின்றது. பின்னால் நாற்காலி சின்னதாக முனகியது. எழுந்து ஓடத் தயாராகிற உடம்பின் முனகல்.

ஹாலிலிருந்து பதில் வந்தது. “யாரும் இல்லம்மா. அது உன் மனசு. படு.”

டீச்சர் மெல்லத் தலையைத் திருப்பினாள். பாதி எழுந்த நிலையில் ஸ்வெட்டர்க்காரி ஹால் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அடுத்த சத்தம் வரவில்லை. கீபோர்டு தட்டுகிற ஓசைதான் வந்தது. அவள் தோள்கள் ஒரு பெருமூச்சில் இறங்கின. மறுபடி உட்கார்ந்தாள். டீச்சரைப் பார்த்து, புது வீட்டில் நாற்காலி கொடுத்தவர்களைப் பார்த்துச் சிரிப்போமே, அப்படிச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு அவள் மதியந்தோறும் வந்தாள். முதலில் பார்த்தாள். அடுத்து தொட்டாள். அப்புறம் தூக்கினாள். குழந்தையைத் தூக்கும்போது தலைக்கடியில் கை கொடுக்கிற பக்குவம் அவளுக்கு இருந்தது. ஈரத் துணியை மாற்றி, பழையதை நான்காக மடித்துத் தொட்டில் காலில் தொங்கவிட்டுப் போனாள். சாயங்காலம் புருஷன் அதைப் பார்த்து, “பரவாயில்லையே, துணியெல்லாம் மடிச்சு வைக்க ஆரம்பிச்சிட்டே,” என்று அவள் தலையைத் தடவினான். டீச்சர் சிரித்துவைத்தாள். நான் மடிக்கவில்லை என்று சொன்னால், யார் மடித்தது என்று அடுத்த கேள்வி வருமே.

ஸ்வெட்டர்க்காரி இப்போது பேசவும் செய்தாள். குழந்தையிடம் முணுமுணுப்பாள், தங்கம் என்பாள், எங்கே போயிருந்தே என்பாள். ஒருநாள் டீச்சரிடமே பேசினாள். குரலில் ஒரு கரகரப்பு இருந்தது, அக்கறையும் இருந்தது.

“பயப்படாதே. நீ நல்லாத்தான் செய்றே. இப்படியே சுவரைப் பார்த்துக்கிட்டு இரு.” மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினாள். “நான்தான் இல்லையே.”

சுவர். சுவிட்சு. விரிசல். ஆணி.

ஆஸ்பத்திரியிலிருந்து வாரத்துக்கு ஒரு நாள் காலையில் நர்சம்மா வந்து பார்த்துவிட்டுப் போவாள். மாத்திரை சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா என்று கேட்பாள். அந்த வாரம் காலையில் வந்துவிட்டுப் போயாயிற்று. இரண்டு நாள் கழித்து மதியம், கீழிருந்து வாட்ச்மேனின் போன் வந்தது. டீச்சர் கட்டிலில் விழித்துதான் இருந்தாள்.

“யாரு, நர்சம்மாவா? டெய்லி வர்றவங்களா?” என்றான் புருஷன். அவனுக்கு மீட்டிங் ஆரம்பிக்கிற பதற்றம். “ஆமாமா, ஆஸ்பத்திரியிலேந்துதான். விடுங்க. இனிமே எனக்கு போன் பண்ணாதீங்க, அப்படியே மேல அனுப்பிடுங்க.”

லிஃப்ட் ஏறி வருகிற சத்தம் கேட்டது. வாசல் கதவு தள்ளப்பட்டது. செருப்பு கழற்றுகிற சத்தம், ஹாலின் ஓரமாக நடந்து வருகிற சத்தம். அறைக்குள் நுழைந்தது ஸ்வெட்டர்க்காரி.

சாயங்காலம் புருஷன் டீக்கோப்பையோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தான். “நர்ஸ் வந்தாங்களே, என்ன சொன்னாங்க?”

டீச்சர் அவன் முகத்தைப் பார்த்தாள். அன்பான முகம்தான். அந்த முகத்துக்குப் பின்னால் நாத்தனார் வாங்கி வைத்திருக்கும் தொட்டில் தெரிந்தது.

“நல்லா தேறிட்டேன்னு சொன்னாங்க,” என்றாள்.

“அப்படிப் போடு!” என்று அவன் அவள் தோளில் தட்டிவிட்டுப் போனான்.

அவன் போன பிறகுதான் கணக்கு தானாக நடந்தது. நர்சம்மா வரவில்லை. வாட்ச்மேன் ஒருத்தரை மேலே அனுப்பியிருக்கிறார். இவனே நர்ஸ் வந்ததாகச் சொல்கிறான். மேலே வந்தது ஒரே ஒருத்தி. ஆகவே. அந்த ஆகவேயில் வந்து டீச்சர் நின்றுவிட்டாள். விடை சரியாக வந்திருந்தது. ஆனால் பால் கணக்கிலும் விடை சரியாகத்தான் வந்தது. படிக்குப் படி பிழையே இல்லாமல் போட்டு, கடைசியில் தன் பிள்ளையைப் பட்டினி போட்டவள் அவள். நோய் தப்பாகக் கணக்குப் போடாது. அவளைவிட நன்றாகப் போடும். அப்படியிருக்க இந்த விடையை மட்டும் எதை வைத்து நம்புவது?

கண்ணால் பார்த்துச் சொல்ல இன்னொருத்தர் வேண்டும். அவ்வளவுதான் வேண்டும்.

அடுத்த மதியம், ஸ்வெட்டர்க்காரி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருந்தபோதே, டீச்சர் இருந்த தைரியத்தை எல்லாம் திரட்டிக் குரல் கொடுத்தாள். “என்னங்க, எழுந்து வந்து பாருங்க. ஒரே தடவை. அந்த ஸ்வெட்டர் போட்டவ வந்திருக்கா. பார்க்காம சொல்லாதீங்க. டாக்டர் சொன்னாங்கல்ல.”

ஹாலில் நாற்காலி நகர்ந்தது. டீச்சர் அறைக்கதவைப் பார்த்தாள். ஸ்வெட்டர்க்காரி குழந்தையோடு அசையாமல் இருந்தாள்.

நாற்காலி நகர்ந்தது அவன் எழுந்திருக்க அல்ல, போனை எடுக்க. “அக்கா? ஆமா. மறுபடி அதையேதான் சொல்றா. என்னால முடியலைக்கா.” ஸ்பீக்கரில் நாத்தனாரின் குரல் வீடு முழுக்க வந்தது. “நான் அப்பவே சொன்னேன். நாளைக்கு சாயங்காலம் வண்டி எடுத்துட்டு வர்றேன். குழந்தையோட துணிமணியெல்லாம் எடுத்து வை.”

“இல்லைங்க! சும்மா கேட்டேன்!” டீச்சர் கத்தினாள். “யாருமே இல்ல. விளையாட்டுக்குச் சொன்னேன். அண்ணிய வர வேணாம்னு சொல்லுங்க. சத்தியமா யாரும் இல்ல!”

சொல்லும்போது அவள் ஸ்வெட்டர்க்காரியின் முகத்தைப் பார்த்தபடிதான் சொன்னாள். ஸ்வெட்டர்க்காரி கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நாளைக்கு சாயங்காலம் என்பதை அவளும் கேட்டாள்.

“சரி,” என்றது ஸ்பீக்கர் ஹாலிலிருந்து. “நாளைக்கு வந்து பார்க்கிறேன். ஒரு நாள் முழுக்க ஒழுங்கா இருக்காளான்னு பாரு. இருந்தா யோசிக்கலாம்.”

ஒரு நாள். ஒரு நாள் முழுக்க யாரையும் பார்க்காமல் இருந்துவிட்டால் குழந்தை அவளிடமே இருக்கும்.

மறுநாள் மழை இல்லை. மேகம் இறங்கி நின்று, மதியத்தையே மங்கலாக்கியிருந்தது. ஸ்வெட்டர்க்காரி வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தாள். தோளில் ஒரு பெரிய பை. பையை மெத்தைமேல் வைத்து ஜிப்பைத் திறந்தாள். நீளமான சத்தம்.

உள்ளிருந்து ஒரு சின்னத் தொப்பி எடுத்தாள். கம்பளித் தொப்பி, சாம்பல் நிறம். பித்தான் வைத்த சின்னச் சட்டை. சின்னக் காலுறை. புதுசு இல்லை, பலமுறை துவைத்து, மடித்து, எதற்காகவோ எடுத்துவைத்த பழசு.

சுவர், என்றாள் டீச்சர். சுவிட்சு.

ஸ்வெட்டர்க்காரி குழந்தைக்கு ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். பித்தான் மாட்டினாள். தொப்பியின் நாடாவைத் தாடைக்குக் கீழே முடிந்தாள். குழந்தை சிணுங்கியது. அந்தச் சிணுங்கலுக்கு டீச்சரின் மார்பு தானாகச் சுரந்தது. ரவிக்கை நனைந்து, வயிற்றில் சூடாக இறங்கியது.

“கடைசியா பால் எப்ப குடுத்தே?” என்றாள் ஸ்வெட்டர்க்காரி.

டீச்சர் சுவர்ப்பக்கம் திரும்பினாள். இல்லாத ஒன்றோடு பேசக் கூடாது. பேசினால் வளரும்.

“சரி. நான் பார்த்துக்கிறேன்.”

குழந்தை தோளில் ஏறியது. பை மறு தோளில் ஏறியது. டீச்சர் எழுந்து நின்றாள். எழுந்தது கால்கள்தான், அவள் சொல்லவில்லை. கை நீண்டு ஸ்வெட்டரின் முழங்கையைத் தொட்டது. கம்பளி. சொரசொரப்பு. உள்ளே எலும்பு, சூடு. ஆனால் விஷத்தையும் அவள் விரலால் தொட்டுத்தான் பார்த்தாள்.

கையை எடுத்துவிட்டாள்.

ஸ்வெட்டர்க்காரி ஒரு கணம் அவளைப் பார்த்தாள். கண்ணில் இரக்கம் மாதிரி ஏதோ இருந்தது. பிறகு ஹாலை நோக்கி நடந்தாள்.

டீச்சர் அவளை முந்திக்கொண்டு ஓடினாள். புருஷனின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். அவன் காதில் ஹெட்போன், எதிரே திரை, திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் ஆபீஸ் முகங்கள். அவள் அவன் தோளை உலுக்கினாள்.

“என்னங்க. குழந்தையத் தூக்கிட்டுப் போறாங்க. திரும்பிப் பாருங்க. ஒரே தடவை திரும்பிப் பாருங்க!”

அவன் மைக்கை அணைத்தான். திரும்பவில்லை. முகத்தில் ஆபீசுக்கான புன்னகை அப்படியே இருந்தது, வார்த்தை மட்டும் பல்லிடுக்கில் வந்தது. “யாரும் இல்ல. குழந்தை தொட்டில்ல இருக்கான். அக்கா இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடுவா. நீயே கெடுத்துக்காதே. போய் தொட்டிலை ஆட்டு.”

அவள் திரையைப் பார்த்தாள். அதில் ஒரு கட்டத்தில் அவன் இருந்தான். துணி காயப்போட்ட ஹால் ஆபீசுக்குத் தெரியக் கூடாதென்று, தனக்குப் பின்னால் ஒரு புத்தக அலமாரிப் படத்தைப் போட்டு வைத்திருந்தான். அவர்கள் வீட்டில் இல்லாத, அவனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடுகிற அலமாரி. திரையில் அவன் முகம், அவன் பின்னால் வரிசையாகப் புத்தகங்கள். அவளுக்கு ஓரடி பின்னால் பாதங்கள் நடந்தன. தோளுக்கு மேலே குழந்தை ‘ங்கா’ என்றது. மிட்டாய் வாசனை கடந்து போனது. திரையில் புத்தகங்கள்தான் இருந்தன. ஸ்வெட்டர் இல்லை. தொப்பி இல்லை. நாற்காலியைப் பிடித்து நிற்கிற அவளும் இல்லை.

யாருமே இல்லை.

அவன் சொன்னதைத்தான் திரையும் சொன்னது. இரண்டு சாட்சி. அவள் நாற்காலியிலிருந்து கையை எடுத்தாள். பயத்தில் பாதி, நிம்மதியில் பாதி. கத்தவில்லை. கத்தினால் குழந்தை போய்விடும். கத்தாமல் இருந்தால் குழந்தை இருப்பான்.

வாசல் கதவு சாத்திக்கொண்டது. லிஃப்ட் இறங்கியது.

டீச்சர் அறைக்குத் திரும்பினாள். தொட்டிலின் கொசுவலை ஒழுங்காக இறக்கிவிடப்பட்டிருந்தது. உட்கார்ந்து சங்கிலியைப் பிடித்து ஆட்டினாள். தொட்டில் லேசாகப் போய் வந்தது. ரொம்ப லேசாக. வலையைத் தூக்கிப் பார்த்தாள். விரிப்பு. விரிப்பில் தலை பதிந்த பள்ளம்.

வெகுநேரம் கழித்து மீட்டிங் முடிந்து அவன் வந்தான். அறை வாசற்படியில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“தொட்டில்ல குழந்தை இல்லைங்க,” என்றாள் அவள், மெதுவாக, அவனைத் தொந்தரவு செய்யாத குரலில்.

வலை மூடிய தொட்டிலை அங்கிருந்தே பார்த்தான். “இருக்கான்மா,” என்றான். இப்போது கோபமில்லை, குரலில் கனிவு வந்திருந்தது. “உனக்குத் தெரியலைன்னா அது நோய். அவன் அங்கதான் இருக்கான். தூக்கிப் பால் குடு, அக்கா வர்றதுக்குள்ள.”

“இருக்கானா?”

“இருக்கான்.”

அவள் தலையாட்டினாள். அவன் சொன்னால் சரி. தெரியாததுதான் நோய். வலைக்குள் குனிந்தாள். தலைக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை, பத்திரமாகத் தூக்கினாள். கனமே தெரியவில்லை, அதுவும் நோய்தான். வளைத்த கைகளை மார்போடு அணைத்து, ரவிக்கையை விலக்கி, முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினாள். வாசற்படியிலிருந்து பார்த்தால் அவள் முதுகும், குனிந்த தலையும், தட்டிக்கொடுக்கிற முழங்கையும்தான் தெரியும். அழகாகத்தான் இருந்தது. அவன் போனை எடுத்து, “அக்கா, அமைதியா பால் குடுத்துக்கிட்டிருக்கா. அவசரமில்ல, மெதுவா வா,” என்றான்.

லிஃப்ட் மேலே வந்து நின்றது. வாசலில் நாத்தனாரின் வளையல் சத்தம் கேட்டது. டீச்சர் தட்டிக்கொடுப்பதை நிறுத்தவில்லை. பால் சொட்டுச் சொட்டாக அவள் மடியில் விழுந்து, புடவையில் பரவி, கீழே தரைக்குப் போய்க்கொண்டிருந்தது. “ஷ்ஷ்,” என்றாள் அவள், வாசலைப் பார்த்து, “இப்பதான் கண் அசர்றான்.”